பத்து விரல் ரேகை

எங்கள் பாலிடெக்னிக்குக்கு வெளிநாட்டு வாய்ப்பு என்று வருகிற சுற்றறிக்கைகள் பெரும்பாலும் இரண்டு வகைதான். கட்டணம் கட்டினால் சான்றிதழ் தருகிறவை ஒன்று. விண்ணப்பத் தேதி முடிந்த மறுவாரம் எங்கள் மேசைக்கு வந்து சேருகிறவை மற்றொன்று. மூன்று வருடத்துக்கு முன் வந்தது இரண்டிலும் சேரவில்லை. வட ஐரோப்பாவில் ஒரு துறைமுக நகரம், அங்கே ஒரு தொழில்நுட்பப் பள்ளி. இங்கிருந்து ஓர் ஆசிரியரும் ஒரு மாணவரும் சேர்ந்து ஆறு வாரம் போய் அவர்களுடைய ஆய்வுக்கூடத்தில் வேலை செய்ய வேண்டும். செலவு முழுவதும் அவர்களுடையது. விண்ணப்பிக்க இன்னும் ஒரு மாதம் இருந்தது.

முதல்வர் அதை என் பக்கம் தள்ளினார். "நீங்க கருவியியல். சின்ன வயசு. மெயிலுக்கு உடனே பதில் போடுவீங்க" என்று மூன்று காரணம் சொன்னார். மூன்றும் சரி. திருவொற்றியூரில் அந்தக் கல்லூரியில் சேர்ந்து அப்போது எனக்கு நான்கு வருடம். ராயபுரத்திலிருந்து ரயிலில் வந்து போவேன். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கப்பல் வந்து போகிற இடத்திலேயே நாற்பது வருடம் இருந்தும் எங்கள் வீட்டில் யாரும் ஊர் தாண்டியதில்லை.

சுற்றறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. ஆறு வாரத்தை நல்லபடியாக முடிக்கும் மாணவர், அதே பள்ளியில் இரண்டு ஆண்டுப் படிப்பில் சேரலாம். தங்குமிடமும் உதவித்தொகையும் உண்டு. அதாவது எனக்கு அது ஓர் அனுபவம். போகிற மாணவருக்கு அதுவே வாழ்க்கை. இதை முதல் நாளே புரிந்துகொண்டேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். தெரியாமல் செய்தேன் என்று பின்னால் சொல்லிக்கொள்ள எனக்கு இடமில்லை.

மாணவர்கள் தாங்கள் வாழும் இடத்தில் எதையாவது அளந்து காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. பலர் காற்றை அளந்தார்கள்; எங்கள் பக்கத்தில் அது எளிது, மூக்கே போதும். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி மட்டும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். உள்ளே வெப்பமும் உப்பும் அளக்கிற ஒரு சின்னச் சுற்று. காத்திவாக்கம் குப்பத்துப் பெண். அவள் அம்மா எண்ணூர் கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் நகர்ந்தபடி கையால் இறால் பிடிப்பவர். அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதவர்.

"அனல் மின் நிலையத்துத் தண்ணி சூடா வந்து கலக்குது இல்ல மிஸ், அப்போ இறா எல்லாம் எடம் மாறிடும். எங்கம்மா தண்ணில கால வச்சே சொல்லிடும், இங்க இல்ல அங்க கீதுன்னு. நான் அந்தக் கால நம்பராக்கிட்டேன்."

"அம்மாவோட கணக்கும் உன் டப்பாவோட கணக்கும் ஒத்துப் போகுதா?"

"பத்துக்கு எட்டு. மிச்ச ரெண்டும் அம்மாதான் கரெக்ட்டு. டப்பா தப்பு."

காணொளி நேர்காணலில் அங்கிருந்தவர்களிடமும் இதையே இங்கிலீஷில் உடைத்து உடைத்துச் சொன்னாள். அவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள், பிறகு நிறையக் கேள்வி கேட்டார்கள். முதல் இடம் அவளுக்கு. அவள் போக முடியாமல் போனால் போவதற்கான மாற்று இடம் திருவொற்றியூரைச் சேர்ந்த இன்னொரு மாணவிக்கு. அவளும் நல்ல மாணவிதான், அவள்மேல் எந்தக் குறையும் சொல்ல எனக்கில்லை.

சம்மதம் கேட்க நான் காத்திவாக்கம் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அம்மா வாசலில் குந்தி, பக்கத்து வீட்டு வலையில் சிக்கிய குப்பையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"ஆறு வாரம் அங்க இன்னா துன்னுவா?"

"மீன் கிடைக்கும்மா. துறைமுக ஊருதான்."

"ஐஸ்ல வச்ச மீனு. நம்ம வூட்டு பூன துன்னாது அத்த." பிறகு வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "அப்பால ரெண்டு வருசம் படிப்பு குடுப்பாங்கன்னு பாப்பா சொல்லுது. மெய்யா?"

"நல்லா பண்ணா குடுப்பாங்க. இவ நல்லா பண்ணுவா."

"அப்போ இட்டுகினு போங்கோ டீச்சர். இந்த பவர் ஹவுஸ் சாம்பல துன்னுகினு இவ எதுக்கு இங்க குந்திகினு இருக்கணும். நான் ஒருத்தி துன்னது பத்தாதா."

அன்று மாலையே பட்டியல் எழுத உட்கார்ந்தேன். கடவுச்சீட்டு, சான்றிதழ்கள், அம்மாவின் சம்மதக் கடிதம், புகைப்படத்தின் அளவு, எந்த நாளில் எந்த நகல். விசா மையத்தின் வழிமுறைகள் பதினொரு பக்கம் இருந்தன. அதைச் சுருக்கி, அம்மாவுக்கு அவள் வாசித்துக் காட்டும்படி எளிய தமிழில் இரண்டு பக்கம் ஆக்கினேன். இரண்டு பக்கத்துக்குள் அடங்க வேண்டும் என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. நீளமான பட்டியலை யாரும் படிப்பதில்லை என்று என் மாணவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

விரல் ரேகையை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால்கூட இன்று கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். விடிகாலையில் அம்மாவோடு இறால் உரிக்கிற ஷெட்டுக்குப் போய்விட்டுத்தான் அவள் கல்லூரிக்கு வருவாள். ஐஸ் தண்ணீரும் இறாலின் தலைமுள்ளும் விரல் நுனிகளைக் கிழித்துவிடும். ரேஷன் கடை மெஷினில் அவள் அம்மாவின் ரேகை விழுந்து பல வருடமாகிறது. அதனால் பட்டியலில் பதினேழாவதாக இப்படி எழுதினேன்: "விரல் நுனிகளில் வெட்டு, வெடிப்பு, புண் எதுவும் இருக்கக் கூடாது. விசா மையத்துக்குப் போகும் நாள்வரை இறால் வேலைக்குப் போக வேண்டாம்."

மையத்தின் பதினொரு பக்கத்தில் அந்த இடத்தில் இன்னொரு வாக்கியமும் இருந்தது. விரல்களில் மருதாணி இருக்கக் கூடாது என்று. அதைப் படித்தேன். எங்கள் வீட்டில் மருதாணி என்றால் கல்யாணம். யாருக்கும் அப்போது கல்யாணமில்லை. இது எங்களுக்குத் தேவையில்லை என்று முடிவு செய்து அந்த வரியை விட்டுவிட்டேன்.

விசா மையத்துக்கு நாங்கள் மூவரும் ஒரே நாளில் போனோம். நான், அவள், மாற்று இடத்து மாணவி. மாற்று மாணவியும் முன்கூட்டியே ரேகை கொடுத்துவிட வேண்டும் என்பது அவர்களுடைய ஏற்பாடு. ராயபுரத்திலிருந்து பேசின் பிரிட்ஜ் வழியாக ஊரின் மறுபுறம் போகிற பேருந்தில் அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். கைகளைத் துப்பட்டாவுக்குள் வைத்திருந்தாள். குளிர்சாதனக் கட்டிடத்துக்குள் போய், எண் அழைத்து, கவுண்டரில் கையை நீட்டியபோதுதான் நான் பார்த்தேன்.

பத்து விரலுக்கும் மருதாணித் தொப்பி. நகத்தின் பின்புறம்வரை கறுத்துச் சிவந்திருந்தது.

"இது எப்போ வச்சது?"

"மூணு நாளா அம்மா வைக்குது மிஸ். வெடிப்பு ஆறணும்ன்னு. நீங்கதானே எழுதியிருந்தீங்க? பாருங்க, ஒண்ணுகூட இல்ல, எல்லாம் மூடிக்கிச்சு." கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். உண்மைதான். ஒரு வெடிப்புகூட இல்லை.

ஷெட்டில் வேலை செய்கிற பெண்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்களாம். ஐஸ் கம்பெனி மதில் ஓரத்தில் இருக்கிற செடியிலிருந்து இலை பறித்து, அரைத்து, விரலுக்குத் தொப்பி போட்டுக்கொள்வார்கள். புண்ணுக்கு அதுதான் மருந்து. நான்கு வருடமாக அந்தப் பக்கத்துப் பெண்களுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். எனக்கு அது தெரியவில்லை.

கவுண்டரில் இருந்த இளைஞர் நல்லவர். நான்கு முறை முயன்றார். கண்ணாடிமேல் விரல் வைத்தால் மேடும் பள்ளமும் வேறுவேறாகத் தெரிய வேண்டும். அந்த வேறுபாட்டைத்தான் மெஷின் படமாக எடுக்கும். கறை ஏறிய நுனி அதற்கு வெறும் இருட்டு. இதை நானே வகுப்பில் நடத்தியிருக்கிறேன். கட்டைவிரல் இரண்டும் ஒருவழியாக விழுந்தன. மற்ற எட்டும் விழவில்லை.

"சாயங்காலம் மூடறதுக்குள்ள இன்னொரு தடவை ட்ரை பண்றேன் மேம். கை கழுவிட்டு வரச் சொல்லுங்க."

தெருமுனை ஜூஸ் கடையில் எலுமிச்சம்பழம் வாங்கினேன். மளிகைக் கடையில் சோடா உப்பு, பற்பசை. கட்டிடத்தின் பின்புறப் படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் தேய்த்தோம். மாற்று மாணவியும் ஒரு கையைப் பிடித்துத் தேய்த்துக் கொடுத்தாள்.

"எங்க குப்பத்துல இவ்ளோ செவந்தா மாமியா தங்கமா பாத்துக்குவாங்கன்னு சொல்லுவாங்க மிஸ். இங்க இன்னாடான்னா ஒரு மெஷினு மூஞ்ச திருப்பிக்குது" என்றாள் அவள்.

மாற்று மாணவி சிரித்தாள். நானும் சிரித்திருக்க வேண்டும். தோல் எரிகிறதா என்று கேட்டதற்கு இல்லை என்றாள். எரிந்தது, பார்த்தாலே தெரிந்தது. மறுபடி உள்ளே போனபோது கறை கொஞ்சம் மங்கியிருந்தது, தோல் நிறையத் தேய்ந்திருந்தது. எட்டு விரலும் மறுபடி விழவில்லை. நாங்கள் அவசரத்தில் செய்ததால் இன்னும் மோசமாகிவிட்டது என்று இளைஞர் மெதுவாகச் சொன்னார். மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார். அதற்குப் பிறகு காலியாக இருந்த முதல் நாள், அங்கே ஆறு வாரம் தொடங்கி பதினொரு நாள் கழித்து.

நான் எழுதாத கடிதமில்லை. விசா மையத்துக்கு எழுதினேன், தூதரகத்துக்கு எழுதினேன், அந்தப் பள்ளிக்கு மூன்று முறை எழுதினேன். மருதாணி என்றால் என்ன, அது எதற்கு, யார் வைத்தார்கள் என்று ஒரு பக்கம் விளக்கினேன். பள்ளியிலிருந்து மிகவும் மரியாதையான பதில் வந்தது. மனம் வருந்துவதாகவும், எல்லோரும் ஒரே நாளில் தொடங்குவதுதான் விதி என்றும், வெள்ளிக்கிழமைக்குள் மாற்று மாணவியை உறுதி செய்யும்படியும் கேட்டிருந்தார்கள்.

நானும் போகவில்லை என்று முதல்வரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நீங்க போகலைன்னா அந்த ரெண்டாவது பொண்ணும் போக முடியாது. ஒருத்திக்கு ஆனது ரெண்டு பேருக்கு ஆகணுமா?" என்றார். வெள்ளிக்கிழமை மாற்று மாணவியின் பெயரை அனுப்பினேன்.

அன்று கல்லூரி விட்டபின் காத்திவாக்கம் பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னேன். எதிர்பார்த்திருந்தாள். கேட்டுக்கொண்டு ஆய்வுக்கூடத்து மேசையின் விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். "எங்கம்மாகிட்ட இன்னா சொல்லப்போறீங்க?" என்றாள்.

"நடந்ததை."

"வேணாம் மிஸ். மருதாணின்னு மட்டும் சொல்லாதீங்க. நான் இன்னும் சொல்லல. டேட்டு தள்ளிப் போயிருக்குன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"என் தப்புன்னு சொல்றேன். பட்டியல்ல நான்தான் எழுதாம விட்டேன்."

"நீங்க எழுதல, ஆனா வச்சது அதோட கை இல்ல? எங்கம்மாக்கு அது போதும். அப்பா போனப்போகூட, அன்னிக்கி நான்தான் சோறு கட்டிக் குடுத்து அனுப்பிச்சேன், நான்தான் அனுப்பிச்சேன்னு ஒரு வருசம் சொல்லிகினே இருந்துச்சு மிஸ். வேலைக்குப் போவல. துன்னல. எனுக்கு அப்போ பதினோரு வயசு. நான்தான் ஷெட்டுக்குப் போனேன்."

"அப்போ என்ன காரணம் சொல்றது?"

"பெரிய எடத்துல ஆள மாத்திட்டாங்கன்னு சொல்லுங்க. அத்த அது ஒடனே நம்பும்."

நான் சம்மதித்தேன். சம்மதித்ததற்கும் காரணங்கள் எழுதி வைத்திருக்கிறேன். எப்போது படித்தாலும் சரியாகத்தான் இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் காத்திவாக்கம் போனேன். அம்மா கழிமுகத்திலிருந்து அப்போதுதான் ஏறியிருந்தார். புடவை முழங்கால்வரை சேறு. இறால் போட வாயில் கவ்விக்கொண்டு போகிற ஓலைப்பறியை இறக்கி வைத்துவிட்டு, எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துப் போட்டார். மகள் கதவருகே நின்றாள்.

"சீட்டு மாறிப் போச்சும்மா" என்றேன். "மேல முடிவு பண்ணிட்டாங்க. இவளுக்குப் பதிலா வேற பொண்ணு."

"மேலன்னா யாரு?"

"அங்க இருக்கிறவங்க."

"நீங்கோ இன்னா சொன்னீங்கோ?"

"சொல்லிப் பாத்தேன். ஒத்துக்கல."

அவர் பறியிலிருந்த இறாலை அலுமினியத் தட்டில் கொட்டினார். கொஞ்சம்தான் இருந்தது. "அந்த வேற பொண்ணு எந்த ஊரு?"

"திருவொத்தியூர்."

"குப்பமா?"

"இல்ல."

"சர்தான்." ஈரக் கையைப் புடவையில் துடைத்தார். "நீங்கோ போறீங்களா?"

"போறேன்."

அந்த ஒரு சொல்லை வேறு விதமாகச் சொல்லியிருக்கலாமோ என்று பிறகு யோசித்திருக்கிறேன். எப்படிச் சொன்னாலும் அதுதான் உண்மை.

"அதான பாத்தேன்" என்றார் அம்மா. குரல் உயரவில்லை. "எம் பொண்ணு டப்பாவக் காட்டி நீ பிளேன் ஏறிட்ட. இன்னா டீச்சர், அப்படித்தான? வூட்டாண்ட வந்து நாற்காலில குந்தி, இட்டுகினு போறேன் இட்டுகினு போறேன்னு சொல்லிட்டு, கடைசீல எவ பொண்ணயோ இட்டுகினு போற."

பக்கத்து வீடுகளிலிருந்து இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். அம்மா எழுந்து போய் மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வந்து, அவள் கைகள் இரண்டையும் என் முகத்துக்கு நேரே விரித்தார்.

"பாரு. நல்லா பாரு. வெடிப்பு இருக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுத்த. மூணு நாளு மருதாணி அரைச்சி நானே வச்சேன். இருவது நாளு இவள வேலைக்கி அனுப்பல, இவ பங்கையும் சேத்து நானே உரிச்சேன். ஒண்ணு கீதா? ஒரு வெடிப்பு காட்டு. ஒனக்கு இன்னும் இன்னா பண்ணணும் நாங்கோ?"

மகளின் விரல்கள் என் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தன. சிவப்பு வெளிறி ஆரஞ்சு நிறமாகியிருந்தது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. நான் வாய் திறந்துவிடுவேனோ என்ற பயம் மட்டும்தான் அவள் முகத்தில் இருந்தது.

"நல்லா பாத்திருக்கீங்கம்மா" என்றேன். "உங்க பக்கத்துல ஒரு தப்பும் இல்ல."

"எனுக்குத் தெரியாதா?" என்றார் அம்மா. "எந்திரி. நாற்காலி வேணும்."

எழுந்தேன். அவர் அந்த நாற்காலியை மடித்துச் சுவரில் சாய்க்கப் பார்த்தார். மடிகிற நாற்காலி இல்லை அது. அப்படியே தூக்கி உள்ளே போட்டார்.

ஆறு வாரமும் நான் ஒழுங்காக வேலை செய்தேன். அங்கே மாணவர்கள் ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஆய்வுக்கூடத்துச் சாவி மாணவர்களிடமே இருந்தது. கருவி பழுதானால் யாரையும் கேட்காமல் திறந்து பார்த்தார்கள். ஒவ்வொன்றையும் பார்க்கும்போது அவள் இங்கே என்ன கேட்டிருப்பாள் என்று தோன்றும். பள்ளியில் என் கடிதங்களைப் பார்த்திராத ஒருவர் என்னிடம், இறால் இடம் மாறுவதை அளந்த பெண் ஏன் வரவில்லை என்று விசாரித்தார். உடல்நிலை என்றேன். இதோடு இரண்டு பொய்.

மாற்று மாணவிக்கு இரண்டு ஆண்டு இடம் கிடைத்தது. உழைத்து வாங்கினாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். எனக்குப் பண்டிகைக்கு வாழ்த்து அனுப்புவாள். பதில் போடுவேன்.

அந்த வாய்ப்பு ஒவ்வொரு வருடமும் வருகிறது. குப்பத்திலிருந்து எங்களிடம் படிக்கிற பெண்கள் ஏழெட்டுப் பேர் எப்போதும் இருப்பார்கள். அதற்குப் பிறகு ஒருத்தியும் விண்ணப்பிக்கவில்லை. போன வருடம் ஒருத்தியிடம் நானே படிவத்தைக் கொடுத்தேன். மறுநாள் அவள் அம்மா கல்லூரி வாசலுக்கு வந்து திருப்பிக் கொடுத்தார். "எங்க வூட்டு டப்பா எல்லாம் வேணாம்மா ஒனக்கு. வேற எடம் பாரு" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சொல் குப்பத்தில் எந்த வாசலிலிருந்து கிளம்பியது என்று எனக்குத் தெரியும். அது உண்மையில்லை என்று நிரூபிக்கத் தேவையான எல்லாம் என் கணினியில் இருக்கிறது: தேதி போட்ட கடிதங்கள், மையத்தின் ரசீது, ரேகை விழவில்லை என்ற பதிவு. ஒன்றையும் வெளியே எடுக்க முடியாது.

ஒருமுறை, டப்பா செய்த அந்தப் பெண்ணைத் தேடிப் போனேன். மணலி சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டின் வாசலில் வேலை. உள்ளே வருகிற லாரியின் கன்டெய்னர் எண்ணைப் பார்த்துக் கணினியில் ஏற்ற வேண்டும். காலையில் ஷெட், பிறகு யார்டு. தகரக் கொட்டகைக்குள் ஒரு மேசை மின்விசிறி. எனக்கும் சேர்த்து டீ வாங்கி வர ஒரு பையனை அனுப்பினாள்.

"அம்மாகிட்ட இப்போ சொல்லிடலாமா?" என்று கேட்டேன். "மூணு வருஷம் ஆச்சு. எனக்காக இல்ல. மத்தப் பொண்ணுங்க விண்ணப்பிக்க மாட்டேங்கறாங்க. ஒவ்வொரு வருஷமும் ஒருத்திக்குப் போகுது."

அவள் டீயை ஊதிக் குடித்தாள். "நானும் யோசிச்சேன் மிஸ். யாருக்கோ ஒரு சீட்டு போவுதுன்னு தெரியுது எனுக்கு." வெளியே லாரிகள் சாலை முனைவரை நின்றன. "ஆனா அம்மா இப்போ ஒங்க மேல கோவமா கீது. காலைல எந்திரிக்கும்போதே ஒங்களத் திட்டிகினேதான் எந்திரிக்குது. திட்டிகினே தண்ணில எறங்குது. துன்னுது. தூங்குது. நல்லா கீது மிஸ். சொல்லிட்டோம்னா அப்பா போனப்போ மாதிரி குந்திடும். அப்பால நான் இன்னா பண்ணுவேன்?"

நான் டீ கிளாஸை மேசைமேல் வைத்தேன்.

"அந்தத் திட்ட நீங்க கொஞ்சம் வாங்கிக்குங்க" என்றாள்.

ஓட்டுநர் ஹாரனை அழுத்தினார். "இரு நைனா, வரேன், ஒலகம் முங்கிடாது" என்று கத்திவிட்டு, அந்த லாரியின் எண்ணைப் பார்க்க அவள் எழுந்து போனாள்.